எங்க ஊட்டுச் சோடா

அப்பா டம்ளருக்குள் கரண்டியை விட்டுக் கலக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முதலில் டிங்டிங், அப்புறம் மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம், அப்புறம் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒரு பெருமூச்சு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு தரம், சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் ஒரு தரம். நான் பத்தாவது படித்த அந்த வருடம் மத்தியானத்துக்கும் ஒரு பொட்டலம் மடித்து மடியில் செருகிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். சத்தம் கேட்டதும் நான் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். எரிச்சலாக வருகிறது என்று சொல்லிக்கொள்வேன். எரிச்சல் என்ன எரிச்சல், பயம்தான். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை; மற்ற எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது.

திருப்பூரில் நொய்யல் கரையோரம் ஒரு சலவைப்பட்டறையில் அப்பாவுக்கு வேலை. பனியன் துணி மெஷினில் இருந்து இறங்கும்போது வெள்ளையாக இருக்காது. பழுப்பேறி, எண்ணெய்ப் பசையோடு கிடக்கும். அதைப் பெரிய தொட்டியில் சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, அலசி, உலர்த்தினால்தான் கடையில் தொங்கும் வெள்ளைப் பனியன் ஆகும். அப்பா வேகவைக்கும் தொட்டிப் பக்கம் நிற்பவர். அந்தத் தொட்டியைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மார்கழிக் குளிருக்கு மேஸ்திரி கழுத்தில் சுற்றியிருந்த கம்பளி மப்ளர் ஒருநாள் உள்ளே விழுந்துவிட்டது. வெந்து முடிந்து எடுத்துப் பார்த்தால் பனியன் துணி பளிச்சென்று இருக்கிறது, மப்ளரைக் காணோம். கஞ்சி மாதிரி ஏதோ மிதக்கிறது. தொட்டி மேஸ்திரியின் மப்ளரைத் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு அப்பாவே முதலில் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

முதன்முதலில் நெஞ்சு கரிக்கிறது என்று அப்பா போனபோது கம்பவுண்டர் அவரிடம், சோடா உப்பு ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டுக் குடியுங்கள் என்றாராம். அப்பாவுக்குத் தெரிந்த சோடா ஒன்றுதான். அது பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வெள்ளையாக, பொடியாக, பலசரக்குக் கடையில் விற்பதைப் போலவேதான் இருந்தது. ஒரு கை அள்ளி வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. காலிப் பால்மாவு டப்பாவில் கொட்டி அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டார். சோடா என்றால் சோடாதானே என்று இருந்தோம். வீட்டில் ஒருத்தருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

அப்பாவோடு அதே தொட்டியில் நின்றவர் ஒருவர் எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவில் குடியிருந்தார். குண்டடத்துப் பக்கத்தில் வெள்ளாமைக் காடு காய்ந்துபோய், மனைவியோடு பிழைக்க வந்தவர். அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். சாயங்காலமானால் மாமாவும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். ஒரே டப்பா, ஒரே கரண்டி, இரண்டு டம்ளர். வயிறு எரிவதில் நாம் இரண்டு பேரும் பங்காளிகள் மாப்பிள்ளை என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் பத்தாவது போகும் முன்னால் வந்த கோடையில் மாமா செத்துப்போனார். முதலில் அவருக்குக் காரம் ஆகவில்லை. பிறகு சோறு ஆகவில்லை. பிறகு கஞ்சியும் ஆகவில்லை. கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது: அத்தை மருந்து வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. மருந்து வைப்பது என்றால், புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றிலோ பலகாரத்திலோ எதையாவது கலந்து கொடுப்பது. அது வயிற்றில் தங்கி ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிவிடும் என்பார்கள். அத்தைக்குக் குழந்தை இல்லை, புருஷன் அவள் சொல்லைத் தட்ட மாட்டார். அவளைக் குற்றவாளியாக்க அந்த இரண்டும் போதுமாக இருந்தது. மாமாவின் அண்ணன் வந்து அவளை ஊருக்கு இழுத்துப்போய், வீட்டின் பின்கட்டில் குடிசை மாதிரி ஒரு சாளையில் விட்டுவிட்டார். அவள் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டோம். என் அம்மாவும் அந்தப் பேச்சை நம்பினாள். எனக்கு அம்மா மேல் அப்போது வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அந்த ஐப்பசியில் அப்பாவுக்குக் காரம் ஆகவில்லை. அம்மா தாளிப்பில் மிளகாயை நிறுத்தினாள். தை பிறப்பதற்குள் சோறும் ஆகவில்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. சட்டை தோளில் நிற்காமல் வழுக்கியது. எரியும்போதெல்லாம் டப்பாவைத் திறந்தார். குடித்த கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு முன்னைவிட அதிகமாக எரியும், மறுபடி டப்பாவைத் திறப்பார். அடுத்த வீட்டில் நடந்தது எங்கள் வீட்டில் அதே வரிசையில் நடந்துகொண்டிருந்தது. நானும் அம்மாவும் அதைப் பார்த்தோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டதாம். மாமா இருந்தபோது வந்த தீபாவளிக்கு அத்தை போளி மாதிரி ஒப்புட்டு சுட்டுக் கொடுத்தாள், அப்பா அதில் இரண்டு தின்றார், அதில் வைத்துவிட்டாள். வேலம்பாளையத்தில் ஒருவர் மருந்து எடுக்கிறார், தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சிக் கட்டியாகத் துப்பிக் காட்டுவார், வருகிற அமாவாசைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருந்தாள். தின்ற ஒப்புட்டு ஒரு வருஷத்துக்கு மேலாக வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்குமா என்று நான் கேட்டேன். வாய்க்கொழுப்பு என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. எங்கள் விஞ்ஞான டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்தவர். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சோதனை செய்யவேண்டும் என்றார். எல்லாரும் எரிமலை, காற்றாலை என்று போக, நான் மட்டும் அஜீரணத்துக்கு எந்த மருந்து நல்ல மருந்து என்று பார்க்கிறேன் என்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டுமே, அவர்கள் வீட்டில் எல்லாருடைய வயிறும் நன்றாக இருந்தது.

என் கூட்டாளி ஒரு கணக்குப் போட்டாள். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், மோர், சுண்ணாம்புத் தெளிவு, மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை மருந்து, சோடா உப்பு. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, யாருக்கு முதலில் ஏப்பம் வருகிறது என்று பார்த்தால் தீர்ந்தது. டீச்சர் கேட்டுவிட்டு, ஒருத்தி பட்டினியாக வருவாள், ஒருத்தி கறிச்சோறு தின்றுவிட்டு வருவாள், இரண்டு பேர் வயிறும் ஒன்றா என்றார். போட்டி என்றால் எல்லாரும் ஒரே கோட்டில் இருந்து ஓடவேண்டும். அதனால் மனிதர் வேண்டாம், டம்ளரே வயிறாக இருக்கட்டும் என்று முடிவானது. வயிற்றில் இருப்பது ஒரு ஆசிட்; அதையே பள்ளிக்கூடத்தில் இருந்து தண்ணீராகக் கலந்து தருகிறேன் என்றார். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அந்தச் சாறு புளிப்பில் சிவக்கும், சோடா, சுண்ணாம்பு மாதிரிக் காரத்தில் பச்சையாகும். எந்த மருந்து அதிக ஆசிட்டைத் தாங்கிவிட்டுக் கடைசியாகச் சிவக்கிறதோ அதுதான் கெட்டி.

அத்தோடு விடவில்லை. கரண்டியால் அளப்பது ஏமாற்று, ஒருத்தி குவித்து அள்ளுவாள், தராசில் நிறுக்கவேண்டும் என்றார். எது எந்த மருந்து என்று தெரிந்தால் பிடித்த மருந்தின் பக்கம் கை தானாகச் சாயும், அதனால் வேறு வகுப்புப் பெண் ஒருத்தி பொட்டலத்தை மாற்றி வைத்து எழுத்து மட்டும் போடவேண்டும். மருந்தே போடாத ஒரு டம்ளரும் வேண்டும். எனக்கு ஒன்றுதான் பொறுக்கவில்லை. ஓமம் ஆசிட்டோடு சண்டைக்குப் போகாது, அது வேறு வழியில் வாயுவை இறக்கும். இந்தப் போட்டியில் அது தோற்றால் கெட்ட மருந்து என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். நாம் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வரும், கேட்காத கேள்விக்கு வராது, அதைக் கண்காட்சி அட்டையிலேயே எழுதிவிடு என்றார் டீச்சர். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோடாவில் இரண்டு வகை வைத்தேன். கடைச் சோடா ஒன்று, எங்கள் வீட்டு டப்பாவில் இருந்து ஒன்று. கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வாந்தி எடுத்துவிட்டுக் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தவர் எழுந்துவந்து தன் கையாலேயே பொட்டலம் கட்டித் தந்தார்.

"பாத்துட்டே இரு அம்மிணி, நம்ம ஊட்டுச் சோடாதான் செயிக்கும்."

ஜெயித்தது. மருந்துகளைப் பூச்சாற்றில் போட்டதுமே ஒரு டம்ளர் தனியாகத் தெரிந்தது. மற்றவற்றில் ஏதோ லேசான நீலம், லேசான பச்சை. அந்த ஒன்றில் மட்டும் அடர்ந்த பச்சை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது. பிறகு நான் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மோர் முதலிலேயே சிவந்திருந்தது, ஓமம் உடனே சிவந்துவிட்டது. இன்னொரு டம்ளர் முதல் சொட்டுக்கே புஸ்ஸென்று நுரைத்தது. கடைச் சோடா அதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. மஞ்சள் டம்ளர் சத்தமே போடவில்லை. விட்ட சொட்டையெல்லாம் அசையாமல் வாங்கிக்கொண்டது. பெண்கள் கைதட்டினார்கள். நானும் பொட்டலத்து எழுத்தைப் பார்க்காமலேயே இது நம் வீட்டுச் சோடா என்று கண்டுகொண்டு குதித்தேன்.

டீச்சர் கைதட்டவில்லை. மிச்சப் பொட்டலத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சோப்பு மாதிரி வழுக்கியது. உடனே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஏ பிள்ள, இது எங்க வாங்கினது?"

"எங்கப்பா பட்டறையில இருந்து கொண்டாந்ததுங்க டீச்சர்."

"வீட்டுல இத எதுக்கு வச்சிருக்காவ? துணி தொவைக்கவா?"

"குடிக்கறக்குங்க டீச்சர்."

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எத்தனை நாளாக என்று டீச்சர் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இதுவும் சோடாதான், ஆனால் துணி வெளுக்கிற சோடா, இது வயிற்றுக்குப் போகக்கூடாது, இன்றைக்கே நிறுத்தச் சொல் என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். எங்கள் அப்பா ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை டீச்சர் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் மப்ளர் ஞாபகம் வந்தது. ரயில்வே கேட் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு மேல் நடக்கவில்லை, ஓடினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே டிங்டிங் சத்தம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எது ஜெயித்தது என்று கேட்டார். உங்கள் சோடாதான் என்றேன். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நான் பாய்ந்து பிடுங்கினேன். பாதி என் பாவாடையில் கொட்டியது. அம்மா அடிக்கக் கை ஓங்கிவிட்டாள்.

அப்பாவுக்கும் கோபம்தான். பட்டறையில் எத்தனையோ பேர் இதைத்தான் குடிக்கிறார்கள், உன் டீச்சருக்கு என்ன தெரியும், ஜெயித்ததும் இதுதானே என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"மேஸ்திரி மப்ளரைத் தின்னது எதுங்கப்பா?"

அப்பா முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது.

"பனியன் துணி செடியில வந்துது, அதுக்கு ஒண்ணும் ஆகல. மப்ளரு ஆட்டு மேல வந்துது, கரஞ்சு போச்சு. உங்க வயிறு எதுலீங்கப்பா வந்துது?"

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொட்டியில் நின்று நின்று அந்த விரல்களில் ரேகையே இருக்காது, வழவழவென்றிருக்கும். அது எங்களுக்குப் பழகிப்போனது. பிறகு தலையைத் தூக்கி, என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். அம்மா ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டது அவர் காதில் ஏறவில்லை.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயிறு புண்ணாகிக் கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார்கள். பாலும் கஞ்சியுமாகக் கிடந்து அப்பா தேறினார். அதற்கப்புறம் காரம் என்பதே அவர் நாக்கில் படவில்லை என்றாலும் என் கல்யாணத்தையும் பார்த்தார். வேலம்பாளையத்து அமாவாசை தானாகக் கடந்துபோனது. கண்காட்சியில் அந்த டம்ளரை வைக்கவேண்டாம் என்று டீச்சர் சொன்னார். ஜெயித்ததை மறைத்தால் அப்புறம் என்ன நியாயம் என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கம்பளித் துண்டையும் வைத்து, துணிக்கு மட்டும், வாய்க்கு அல்ல என்று எழுதினோம். அப்பா பட்டறையில் ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார். சிலர் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள்.

நடக்கத் தெம்பு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, குண்டடத்துக்கு பஸ் ஏறியது. தனியாக அனுப்பப் பயந்து அம்மா என்னையும் கூட அனுப்பினாள். அவளுக்கும் வரவேண்டும் போலத்தான் இருந்தது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று இருந்துவிட்டாள்.

மாமாவின் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா நேராகப் பின்கட்டுக்குப் போகவும் அவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அத்தை சாளை வாசலில் நின்றாள். அடையாளமே தெரியவில்லை. அங்கே தண்ணீர் கிண்ணீர் வாங்கிக் குடித்துவிடாதீர்கள் என்று அண்ணன்காரர் அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

"அம்மிணி, ஒரு டம்ளர் மோர் கொண்டா" என்றார் அப்பா.

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கொண்டுவந்தாள். புளிப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எரிந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு எல்லாரையும் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு இந்தப் புள்ள மருந்து வெக்கலீங்க. மருந்து வெச்சது நானு."

கம்பவுண்டர் சொன்னது, பட்டறை மூட்டை, டப்பா, இரண்டு டம்ளர், எல்லாவற்றையும் சொன்னார். மாமா படுத்த பிறகும் தினம் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்காரர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை இனித் தலை நிமிர்ந்து நடப்பாள், வாயில் வந்தபடி இவர்களை ஒரு பிடி பிடிப்பாள் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் பிடித்திருப்பேன்.

அவள் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியில அவருக்கு எந்திரிச்சு ஒக்கார முடியலீங்க. நாந்தானுங்க மடியில சாச்சு வெச்சு, கலக்கிக் கலக்கி வாயில ஊத்துனேன். எரியுதுன்னு சொல்லச் சொல்ல ஊத்துனேன்."

அப்பா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப மருந்து வெச்சது நானுன்னு இவிய சொன்னது நெசந்தானுங்களா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.